லாக் புக் பொது, வீட்டு முகவரி சொந்தம்: 8(1)(ஜே) திருத்தத்துக்குப் பிறகு ஆர்.டி.ஐ. மனு எழுதுவது

“கோரப்பட்ட தகவல் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்பதால், பிரிவு 8(1)(ஜே)-யின்படி வழங்க இயலாது.” தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) கீழ் மனுப் போட்டுப் பழகியவர்களிடம் இந்த ஒற்றை வரிப் பதில் ஒரு கட்டே இருக்கும். 2025 நவம்பருக்குப் பிறகு இதை எழுதுவது, மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு இன்னும் சுலபமாகிவிட்டது.

என்ன மாறியது? 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய 8(1)(ஜே), தனிப்பட்ட தகவல் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் மறுக்க விடவில்லை. அந்தத் தகவலுக்குப் பொதுப் பணியோடோ பொது நலனோடோ தொடர்பே இருக்கக் கூடாது. அல்லது அதை வெளியிடுவது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் மூக்கை நுழைப்பதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும், பெரிய பொது நலன் இருக்கிறது என்று அலுவலர் கருதினால் கொடுத்துவிடலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரம்புரையும் கூடவே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3)-ஆம் பிரிவால் இதையெல்லாம் துடைத்துவிட்டு, “தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்” என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற சட்டம் இது. இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘தனிப்பட்ட தகவல்’ என்றால் என்ன என்று ஆர்.டி.ஐ. சட்டம் எங்கும் சொல்லவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொருளை இங்கே கொண்டுவந்து பொருத்தினால், ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் தனிப்பட்டதே. அப்படிப் பார்த்தால் உத்தரவின் அடியில் இருக்கும் வட்டாட்சியரின் கையெழுத்தும் தனிப்பட்டது, டெண்டர் திறந்த குழுவினரின் பெயர்களும் தனிப்பட்டவை. கையெழுத்து இல்லாத அரசுக் கோப்பு ஏது?

ஆனால் திருத்தம் தொடாமல் விட்ட பிரிவுகள் ஐந்து உண்டு. இனி மனுவும் மேல்முறையீடும் நிற்கப் போவது இவற்றின் மேல்தான்.

முதலாவது 8(2). விலக்கு அளிக்கப்பட்ட தகவலாக இருந்தாலும், அதனால் பாதிக்கப்படும் நலனைவிடப் பொது நலன் மேலோங்கினால் பொது அதிகார அமைப்பு (தகவலை வைத்திருக்கும் துறை அல்லது அலுவலகம்) அதைக் கொடுக்கலாம். மத்திய அரசு திருத்தத்துக்குச் சொல்லும் சமாதானமும் இதுதான்: 8(2) இருக்கிறதே! உண்மைதான், ஆனால் அதில் இரண்டு பலவீனங்கள் உண்டு. “கொடுக்கலாம்” என்றுதான் இருக்கிறது. “கொடுக்க வேண்டும்” என்று இல்லை. முடிவெடுப்பது பொது அதிகார அமைப்பு. பழைய (ஜே)-வில் பொதுத் தகவல் அலுவலரே நேரடியாக முடிவெடுக்க முடிந்தது. இப்போது “எனக்கு அதிகாரம் இல்லை” என்று அவர் கையை விரிப்பார். அதனால் மனுவிலேயே “இதை 8(2)-ன் முடிவுக்காகத் துறைத் தலைவரிடம் வைக்கவும்” என்று எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது பிரிவு 10. கொடுக்கக் கூடாத பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைக் கொடுப்பது. மூன்றாவது 4(1)(பி). யாரும் கேட்காமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவற்றின் பட்டியல் அது. அதன் 9-வது இனம் அலுவலர், பணியாளர் பெயர்ப் பட்டியல்; 10-வது இனம் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவோ, வேறொரு சட்டக் கடமையின் பேரில் பொதுவில் வைக்கப்படும் தரவுக்குத் தான் பொருந்தாது என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஊதிய விவரத்தைத் தனிப்பட்டது என்று மறுக்க வழியில்லை.

நான்காவது 8(3). மனு கொடுக்கும் நாளுக்கு 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு (ஜே) விலக்கே கிடையாது. நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற-சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் கோப்பு ஆகிய மூன்று விலக்குகள் மட்டும் அங்கே நீடிக்கும். பழைய பட்டா மாற்றம், பழைய நில ஒதுக்கீடு பற்றிக் கேட்பவர்கள் இதைப் பயன்படுத்துவதே இல்லை. ஐந்தாவது 19(5): மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு, மறுத்த அலுவலருடையது.

இனி பொதுத் தகவலுக்கும் சொந்தத் தகவலுக்கும் இடையிலான கோடு எங்கே விழும் என்று பார்ப்போம். ‘இந்தக் கோப்பு பொது, அந்தக் கோப்பு அந்தரங்கம்’ என்று கோப்புக் கோப்பாகப் பிரிப்பதுதான் இரு தரப்பும் செய்யும் தவறு என்பது என் கருத்து. கோடு ஒரே பக்கத்துக்குள் ஓடுகிறது, சில சமயம் ஒரே வரிக்குள். சம்பளப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் பொதுப்பணம். அதே தாளின் வலப்பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம், நீதிமன்ற ஜப்திப் பிடித்தம் இருக்கும். கைக்கு வந்த சம்பளத்தை அவர் என்ன செய்கிறார் என்பது அவர் பாடு.

வருகைப் பதிவேடும் அப்படித்தான். எந்தெந்த நாள் இருக்கையில் ஆள் இல்லை, அன்று யார் பொறுப்பில் இருந்தார் என்பதை அறிய அந்த அலுவலகத்துக்கு அலைந்தவருக்கு உரிமை உண்டு. விடுப்பு விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் நோயின் பெயருக்கு உரிமை கிடையாது. மருத்துவச் செலவை ஈடுசெய்ததில் தொகை, தேதி, அனுமதித்தவர் யார் என்பதைக் கேட்கலாம். எந்த மருத்துவமனை, என்ன மருந்து என்பதைக் கேட்கக் கூடாது. அரசு கட்டணம் கட்டும் சி.யு.ஜி. (அலுவலகக் குழு இணைப்பு) கைபேசியின் எண்ணும் மாதாந்திர பில் தொகையும் பொது. யார் யாரிடம் பேசினார் என்ற அழைப்புப் பட்டியல் பொது ஆகாது. அதில் புகார் கொடுக்க அழைத்த பொதுமக்களின் எண்களும் இருக்கும். அரசு வாகனத்தின் லாக் புக் (பயணப் பதிவேடு) முழுக்கப் பொது. ஆனால் ‘முகாம் அலுவலகம்’ என்ற பெயரில் வீட்டு முகவரி எழுதப்பட்டிருந்தால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறைக்கலாம்.

வீட்டு முகவரி விஷயத்தில் ஆர்வலர்கள் சிலர் காட்டும் அலட்சியம் எனக்கு ஏற்புடையதல்ல. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். லாரியைப் பிடிப்பவர், ஆக்கிரமிப்பை இடிப்பவர், விடைத்தாள் திருத்துபவர் ஆகியோரின் வீடும் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் எந்தப் பொது நலனுக்கும் தேவைப்படுவதில்லை. நீதிமன்றங்களும் இதைக் கவனித்தே வந்திருக்கின்றன. சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் (2011) மாணவருக்குத் தம் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்ற உச்ச நீதிமன்றம், திருத்தியவரை அடையாளம் காட்டும் பகுதியை மறைத்துக் கொடுக்கச் சொன்னது. பிரிவு 10-ஐ எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டில் பீகார் பணியாளர் தேர்வாணைய வழக்கில் நேர்காணல் குழுவினரின் பெயர்களைக் கொடுக்கத் தேவையில்லை என்றபோதும், காரணம் தனியுரிமையைவிட உயிருக்கும் உடலுக்கும் நேரக்கூடிய ஆபத்தே, அது 8(1)(ஜி).

மறுபக்கத்தில் நிற்பது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு: ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு (1994). கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடாமல் தடுக்க அதிகாரிகள் முயன்றதில் எழுந்தது. தனியுரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட அதே தீர்ப்பு, அரசு அலுவலர் தம் கடமையைச் செய்த விதம் பற்றி எழுதினால் அந்த உரிமையைக் காட்டி இழப்பீடு கேட்க முடியாது என்றது. பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று சற்றும் பாராமலோ எழுதியதாக நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் அமர்வு சொன்ன 2017-ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகும் இந்த வேறுபாடு போய்விடவில்லை.

ஒழுங்கு நடவடிக்கை பற்றிய தகவல்தான் மனுதாரர்கள் அதிகம் தோற்கும் இடம். கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் மெமோ, விளக்கம் கேட்கும் ஓலை, தண்டனை உத்தரவு, சொத்து விவரம், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் தனிப்பட்ட தகவல் என்றது. பணி தொடர்பானவை ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் இடைப்பட்ட விஷயம் என்றும் சொன்னது. பெரிய பொது நலன் காட்டினால் தரலாம் என்ற வாசலும் அதே தீர்ப்பில் திறந்தே இருந்தது. மறுப்புக் கடிதங்களில் அந்தப் பாதி மட்டும் வராது. கனரா வங்கி எதிர் சி.எஸ். ஷியாம் வழக்கில் (2017) எழுத்தர் பணியாளர்கள் அனைவரின் இடமாறுதல் விவரத்தையும் மொத்தமாகக் கேட்டதும் தோற்றது. பொது நலன் எதுவும் காட்டப்படவில்லை என்பதும் அங்கே ஒரு காரணம். 2019 நவம்பரில் சுபாஷ் சந்திர அகர்வால் வழக்கில் 5 நீதிபதிகள் அமர்வு பணி மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை, மருத்துவப் பதிவு, சொத்து, கடன் என்று நீளமாகப் பட்டியல் போட்டு, இவை தனிப்பட்டவை, பொது நலன் இருந்தால் மட்டும் தரலாம் என்றது. அதே சொத்து விவரத்தை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 2025 மே மாதம் தாங்களே இணையத்தில் வெளியிட்டார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் அசையாச் சொத்து அறிக்கைகள் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே இணையத்துக்கு வந்துவிட்டன. வெளியிட்டதால் யாருடைய குடும்ப மானமும் போய்விடவில்லை.

இந்தத் தீர்ப்புகளோடு மோதுவதைவிடக் கேள்வியைத் திருப்பிப் போடுவது பலன் தரும். ஆளைப் பற்றிக் கேட்காமல் பதவியையும் செயலையும் பற்றிக் கேளுங்கள். “இன்னார் மீது போட்ட 17(பி) குற்றச்சாட்டின் நகல் வேண்டும்” என்றால் மறுப்பு நிச்சயம். (17(ஏ), 17(பி) என்பவை தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் பிரிவுகள்.) “இந்த அலுவலகத்தில் 2022 முதல் 2024 வரை பெறப்பட்ட லஞ்சப் புகார்களின் பதிவேட்டு நகல், 17(ஏ), 17(பி) நடவடிக்கைகள் பதியப்பட்டுள்ள பதிவேட்டின் நகல், பெயர்களை மறைத்து” என்று கேட்டால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். நீங்களே கொடுத்த புகார் என்றால், அதன் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள். விசாரணை நடக்கிறது என்று 8(1)(எச்)-ஐக் காட்டினால், விசாரணை நிலுவையில் இருப்பது மட்டுமே போதாது, தகவலைக் கொடுப்பது அதை எப்படிக் கெடுக்கும் என்று விளக்க வேண்டும் எனப் பகத் சிங் வழக்கில் (2007) டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டுங்கள்.

போலிச் சான்றிதழில் வேலை வாங்கியதாகச் சந்தேகம் என்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலைக் கேட்க வேண்டாம். மதிப்பெண்ணும் பிறந்த தேதியும் உள்ள தாள் அது. நேரே (ஜே)-வில் போய் விழும். அந்தப் பதவிக்குத் தேவையான கல்வித் தகுதி என்ன, நியமனத்தின்போது உண்மைத்தன்மைச் சான்று பெறப்பட்டதா, எந்த அலுவலகத்திலிருந்து, கடித எண், தேதி என்ன என்று கேளுங்கள். பெறப்படவில்லை என்ற பதில் வந்தால் அதுவே பாதி விடை. (வேடிக்கை என்னவென்றால், பணிமூப்புப் பட்டியல் என்ற பெயரில் நூற்றுக்கணக்கானவர்களின் பிறந்த தேதியைத் தாங்களே இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் துறைகள் உண்டு. கேட்டால்தான் அது அந்தரங்கமாகிறது.)

மனுவின் வடிவம் எளிது. தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது, அஞ்சல் ஆணை வைக்கலாம், மனுவும் 500 சொற்களுக்குள் இருப்பது நல்லது. ‘ஏன்’, ‘எதற்காக’ என்ற கேள்விகளை நீக்கிவிடுங்கள். இருக்கும் ஆவணத்தைத்தான் கொடுப்பார்கள், உங்களுக்காக விளக்கம் எழுத மாட்டார்கள். ஆவணத்தின் பெயர், காலம், பதவி மூன்றும் ஒவ்வோர் இனத்திலும் இருக்கட்டும். இப்படி:

“தங்கள் அலுவலகத்தில் 01.04.2024 முதல் 31.03.2025 வரை செயற்பொறியாளர் பதவியில் இருந்தவர் பெற்ற பயணப்படிப் பட்டியல்கள், அதே காலத்துக்கான அலுவலக வாகன லாக் புக் ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்கள். இவற்றில் வீட்டு முகவரி, சொந்தக் கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், குடும்பத்தினர் விவரம் இருப்பின் பிரிவு 10-ன்படி மறைத்து மீதியை வழங்கவும். மேற்படி ஆவணங்கள் பொதுப்பணம் செலவான விதம் பற்றியவை. ஏதேனும் தனிப்பட்ட தகவல் எனக் கருதப்பட்டால், பிரிவு 8(2)-ன்படி பொது நலனை எடைபோட்டு, முடிவைக் காரணங்களுடன் எழுத்தில் தரவும்.”

எதை மறைக்கலாம் என்று நாமே சொல்லிவிடுவதில் ஒரு தந்திரம் உண்டு. மொத்தக் கோப்பையும் மூடுவதற்கான சாக்கு அங்கேயே போய்விடுகிறது. பொது நலன் பற்றிய அந்த ஒரு வாக்கியம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். தகவல் எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) சொல்கிறது. ஆனால் திருத்தத்துக்குப் பிறகு எடைபோடுவது 8(2)-இல்தான் நடக்கும். தட்டில் வைக்க நீங்கள் எதையும் கொடுக்காவிட்டால், அலுவலர் தானாக எதையும் தேடி வைக்கப் போவதில்லை.

அடுத்தது பிரிவு 11. “மூன்றாம் நபரிடம் கேட்டோம், அவர் ஆட்சேபித்தார், ஆகவே மறுக்கிறோம்” என்று எழுதினால் அது பிழை. மூன்றாம் நபர் தந்த, அல்லது அவரைப் பற்றிய, அவர் ரகசியமாகக் கருதிவரும் தகவலைக் கொடுக்க அலுவலர் உத்தேசித்தால்தான் இந்தப் பிரிவுக்கே வேலை. மனு வந்த 5 நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு, அவர் பதில் சொல்ல 10 நாள், மனு வந்த 40 நாளுக்குள் முடிவு. அவர் சொல்வதைக் கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வீட்டோ அதிகாரம் அவருக்கு இல்லை. அறிவிப்போடு மனுவின் முழு நகலையும், மனுதாரரின் முகவரி, கைபேசி எண்ணோடு, சம்பந்தப்பட்டவருக்கே அனுப்பிவைக்கும் அலுவலகங்களும் உண்டு. தனியுரிமையைக் காக்கிறோம் என்ற பெயரில் நடக்கும் மிக மோசமான மீறல் இது. மனுவில் அஞ்சல் முகவரிக்கு மேல் எதுவும் தராதீர்கள், ஆதார் நகல் இணைக்கவே வேண்டாம்.

மறைக்கும் வேலையைச் செய்யும் அலுவலர்களுக்கும் சில வார்த்தை. மூல ஆவணத்தில் பேனாவை வைக்கக் கூடாது. நகல் எடுத்து, அந்த நகலில் கறுப்பு மார்க்கரால் அடித்து, அதை மறுபடி நகல் எடுத்து, இரண்டாவது நகலைக் கொடுக்க வேண்டும். முதல் நகலையே கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடலாம். பி.டி.எஃப். கோப்பில் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்புவது இன்னும் மோசம். கட்டத்தின் அடியில் எழுத்து அப்படியே கிடக்கும், தேர்ந்தெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் வந்து நிற்கும். நிரந்தரமாக நீக்கும் கருவி இல்லாவிட்டால், அச்செடுத்து மறைத்து ஸ்கேன் செய்வதே பாதுகாப்பு. எக்செல் கோப்பில் நெடுவரிசையை ஒளித்துவைப்பது மறைப்பதே ஆகாது. முதல் பக்கத்தில் மறைத்த பெயர் மூன்றாம் பக்க முகவரி வரியிலோ, கோப்பின் பெயரிலோ வெளிப்படுவதுதான் அன்றாடம் நடக்கும் பிசகு. ஆதார் எண் இருந்தால் முழுவதையும் அடியுங்கள்.

எதை மறைத்தோம் என்பதற்கு ஒரு தாள் கூடவே போக வேண்டும்: பக்க எண், மறைத்தது என்ன வகைத் தகவல், எந்தப் பிரிவு, முடிவெடுத்தவர் பெயர், பதவி. பகுதி மறுப்புக்குக் காரணமும் முடிவெடுத்தவர் பெயரும் தெரிவிக்க வேண்டும் என்பது 10(2)-இன் கட்டளை. பொதுவாக மறைக்கக் கூடாதவை: அலுவலர் பெயர், பதவி, பணிக்காலம், அலுவலக எண், கோப்பில் எழுதிய குறிப்பு, போட்ட உத்தரவு.

மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதில் நான்கே கேள்விகள் போதும். கேட்ட ஆவணத்தில் எந்தப் பகுதி தனிப்பட்ட தகவல் என்று பதில் குறிப்பிட்டதா? மீதியைப் பிரித்துக் கொடுக்க பிரிவு 10 ஏன் பயன்படுத்தப்படவில்லை? 8(2)-ன் கீழ் எடைபோட்டது யார், எந்தத் தேதியில், எந்தக் குறிப்பில்? 4(1)(பி)-யில் வரும் தகவலை எப்படி மறுக்க முடியும்? மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளில், நீட்டித்தால் 45 நாளில் முடிக்க வேண்டும். அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். அங்கே “தனிப்பட்ட தகவல் அல்ல” என்று மட்டும் வாதாடினால் பழைய தீர்ப்புகள் அனைத்தும் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். 8(2), 10 இரண்டையும் அலுவலர் தொட்டாரா இல்லையா என்ற கேள்வியை விட்டு நகராதீர்கள்.

தகவல் கைக்கு வந்தபின் அதை முகநூலில் ஏற்றுமுன் ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். அலுவலகம் மறைக்க மறந்த வங்கிக் கணக்கு எண்ணோ, பயனாளி ஒருவரின் கைபேசி எண்ணோ அதில் இருக்கலாம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் விதிகள் அறிவிக்கப்பட்டு 18 மாதம் கழித்து, 2027-இல் நடைமுறைக்கு வருகின்றன. பத்திரிகையாளருக்கென்று தனி விலக்கு அதில் இல்லை, அபராத உச்சவரம்போ 250 கோடி ரூபாய் வரை போகிறது. ஊழல் பற்றிய பக்கத்தை வெளியிடுங்கள், கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள். மறைக்காத மூலப் பிரதியும் வந்த உறையும் மேல்முறையீட்டுக்காக வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்.